ஊமைச் சைரன்: ஒரு காரின் திருட்டு அலாரத்தில் பழுது தேடிய நான்கு நாள்கள்

வண்டி வந்தது பேட்டரிப் புகாரோடு. அலாரத்தைப் பற்றி அண்ணாச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மார்கழி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை; அதற்குள் மூன்றாம் முறையாகக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து வீட்டு வேனிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பி, எஞ்சினை நிறுத்தாமல் நேராகத் தூத்துக்குடியில் இருக்கும் என் கடை வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டார். "நான்கு வருடப் பேட்டரி தம்பி, மாற்றிவிடுங்கள்" என்பதுதான் அவர் கேட்டது.

கேட்டபடி மாற்றியிருந்தால் எனக்கும் வியாபாரம், அவருக்கும் பத்து நாள் நிம்மதி. பதினோராம் நாள் புதுப் பேட்டரியும் படுத்திருக்கும்.

ஒன்பது வருடம் ஓடிய சிறிய டீசல் கார் அது. திருட்டு அலாரம் தொழிற்சாலையில் பொருத்தியதல்ல. வாங்கும்போது ஷோரூமில் கூடுதல் சாமானாகப் போட்டுக் கொடுத்தது. டேஷ்போர்டுக்குக் கீழே அலாரம் பெட்டி, அதனருகே அதிர்வை உணரும் சென்சார், கதவு சுவிட்சுகளிலிருந்து வரும் ஒயர், பானெட்டுக்கு அடியில் ஓர் அமுக்குச் சுவிட்ச், வலது ஹெட்லைட்டுக்குப் பின்னால் புனல் வடிவச் சைரன். நம் ஊரில் ஓடும் பழைய கார்களில் பாதிக்கு மேல் இந்த அமைப்புதான் இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

முதல் நாள்: குற்றமற்ற பேட்டரி

எஞ்சினை நிறுத்திச் சற்று ஆறவிட்டு அளந்தபோது பேட்டரியில் 11.9 வோல்ட். காலியாகிவிட்டது என்று பொருள். கெட்டுவிட்டது என்று பொருளல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேட்டரியின் விலை இருக்கிறது. சில மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன்: 12.6. சுமை கொடுத்துப் பார்த்தாலும் தாக்குப்பிடித்தது. எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் வந்ததால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் ஒழுங்கு.

அப்படியானால் நிறுத்திய வண்டியில் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, கதவுகளைப் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தேன். 28 மில்லி ஆம்பியர். 50-க்குக் கீழே இருந்தால் பொதுவாக யாரும் கவலைப்படுவதில்லை. இந்த அளவில் ஒரு நல்ல பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். பகல் வெளிச்சத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது; விடிந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டியோ என்ற சந்தேகமும் வந்தது. 2023 டிசம்பர் மழைக்குப் பிறகு இந்தப் பக்கம் எந்த மின்பழுது வந்தாலும் "வெள்ளத் தண்ணீர் ஏறியிருக்கும்" என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் ஒரு வசதியாகிவிட்டது. அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் அதற்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் கடைசிப் பகுதியை யாரும் கழுவுவதில்லை; தண்ணீர் ஏறிய வண்டி என்றால் சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். இந்த வண்டியின் பெல்ட் கடைசி வரை சுத்தமாக இருந்தது.

பானெட்டைத் திறந்தபோதுதான் பழைய வண்டியில் புத்தம்புதிய சைரன் கண்ணில் பட்டது. வாய் மேலே பார்த்தபடி பொருத்தியிருந்தார்கள். மழைத்தண்ணீரைச் சேர்த்து வைக்க அதைவிட நல்ல கிண்ணம் கிடைக்காது. "இதை எப்போது மாற்றினீர்கள் அண்ணாச்சி?" என்று கேட்ட பிறகுதான் முழுக் கதையும் வெளியே வந்தது.

புரட்டாசியில் ஓர் ஆட்டோ உரசி வலது முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. ஒரு பட்டறையில் தட்டி எடுத்துப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையோடு அலாரம் நள்ளிரவில் தானாகக் கத்த ஆரம்பித்தது. அரை நிமிடம் கத்தும், நிற்கும், மறுபடி கத்தும். அண்ணாச்சி தூக்கக் கலக்கத்தில் எழுந்துவந்து ரிமோட்டை அமுக்குவார். எதிர்வீட்டில் கைக்குழந்தை, இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. (குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு. சைரன் டப்பாவின் மேல் பெருமையாக அச்சிட்டிருக்கும் எண் நூறைத் தாண்டும்.) பிறகு கார்த்திகைக் கடைசியில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. ரிமோட்டை அமுக்கினால் இண்டிகேட்டர் மட்டும் மின்னும். ஒரு கடையில் சைரனை மாற்றினார்கள்; புதியதும் பேசவில்லை. அலாரம் பெட்டியே போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். அண்ணாச்சி மறுத்துவிட்டார். உண்மையில் அவருக்குச் சைரன் ஊமையானதில் மகிழ்ச்சிதான். "பீடை ஒழிந்தது என்று விட்டுவிட்டேன் தம்பி. அதற்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?"

எனக்கும் அப்போது தெரியவில்லை. ஆனால் சைரன் வாயடைத்த வாரமும் பேட்டரி முதல்முறை படுத்த வாரமும் ஒன்றையடுத்து ஒன்றாக வந்திருந்தன.

இங்கே என் தவறு ஒன்றையும் எழுதிவிட வேண்டும். தானாகக் கத்தும் அலாரம் என்றதும் கை பழக்கத்தில் அதிர்வு சென்சாரிடம் போய்விட்டது. திருகாணியைத் திருப்பி அதன் கூர்மையைக் குறைத்து வைத்தேன்; மாலை முழுக்க அதிலேயே போனது. சென்சாரின் கப்ளரை (ஒயர் இணைப்பை) ஒரேயடியாகக் கழற்றிவிட்டு அலாரம் மறுபடி தூண்டப்படுகிறதா என்று பார்த்திருந்தால் அது குற்றவாளியா இல்லையா என்பது ஒரே இரவில் தெரிந்திருக்கும். கூட்டிக் குறைப்பது சோதனை ஆகாது.

இரண்டாம் நாள்: 12.4 வோல்ட் சொன்ன பொய்

காலையில் அலாரத்தைப் போட்டுக் கதவை உள்ளிருந்து திறந்தேன். இண்டிகேட்டர்கள் மின்னின. சைரனிடம் காதை வைத்துக் கேட்டால் சுவர்க்கோழி போல மெல்லிய கீச்சொலி. முழு ஊமை இல்லை. கம்பி அறுந்திருந்தால் இந்தக் கீச்சும் வந்திருக்காது. கரண்ட் வருகிறது, போதுமான அளவு வரவில்லை.

சைரனின் கப்ளரைக் கழற்றி, அலாரம் அடிக்கும் நேரத்தில் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கு நடுவே மீட்டர் வைத்தேன். 12.4 வோல்ட். என்னிடம் வேலை பழகும் பையன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "கரண்ட் முழுசாக வருகிறது அண்ணே, சைரன்தான் போய்விட்டது." முந்தைய கடையும் இதே அளவைப் பார்த்துத்தான் புதுச் சைரன் வாங்கிப் போட்டிருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மீட்டர் அப்படித்தான் காட்டியது.

கப்ளரைக் கழற்றியதும் அந்தப் பாதையில் கரண்ட் ஓடுவது நின்றுவிடுகிறது. மீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது கணக்கில் சேராத துளி. கரண்ட் ஓடாத பாதையில் எவ்வளவு மோசமான இணைப்பு இருந்தாலும் வோல்ட் குறையாது. சும்மா நிற்பவனின் நொண்டல் தெரியாது. நடக்கச் சொன்னால்தான் தெரியும். ஆகவே பாதையை நடக்க வைக்க வேண்டும். அதற்கு என் கடையில் இருப்பது ஹோல்டரில் இரண்டு ஒயர் பற்றவைத்த ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. 12 வோல்ட்டில் அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். சைரனின் வேலைக்கு நெருக்கமான சுமை.

பல்பைக் கப்ளரில் மாட்டினேன். கண் கூசும்படி எரிய வேண்டியது, அணையப்போகும் கங்கு போலச் சிவந்தது. பல்பின் இரு முனைகளிலும் அளந்தால் 3.1 வோல்ட்தான்.

மீதி 9 வோல்ட் எங்கே போனது என்று தேடுவது இனிச் சுலபம். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைச் சைரனின் சிவப்பு ஒயரிலும் வைத்தேன்: 0.3 வோல்ட். பியூஸ், அலாரம் பெட்டி, நீண்ட ஒயர் எல்லாம் சேர்ந்து தின்றது அவ்வளவுதான். மாற்றச் சொன்ன அலாரம் பெட்டி அந்த நிமிடமே விடுதலையானது. அடுத்துச் சைரனின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைத்தேன். 8.9 வோல்ட். எர்த் என்பது கரண்ட் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு; அது நன்றாக இருந்தால் இந்த இடத்தில் 0.2-ஐத் தாண்டக் கூடாது.

பையன் விடவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு, மீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலைக்குத் திருப்பி அதே கறுப்பு ஒயரைச் சோதித்தான். கணீரென்று பீப் அடித்தது. "எர்த் இருக்கிறதே அண்ணே!" இதுதான் எங்கள் தொழிலில் அதிகம் பேரை ஏமாற்றிய ஒலி. என் மீட்டர் 30 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் பீப் அடிக்கும். எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 9-க்கும் 11-க்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. ஓர் எர்த் இணைப்பில் 10 ஓம் என்றால் அதை எர்த் என்று சொல்லவே கூடாது, அது ஹீட்டர்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் வலது மட்கார்டின் உட்பக்கத்தில் ஒரு போல்ட். ஒயர் முனையில் இருக்கும் வளைய லக்குக்கு அடியில் வண்டி நிறத்தில் பளபளவென்று பெயின்ட். பட்டறைக்காரர் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் அடித்து, காய்ந்ததும் அதன் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருக்கிறார். தகரத்தை லக் தொடவே இல்லை. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கரண்ட் போய்வந்திருக்கிறது. ஆரம்பத்தில் அது போதுமானதாக இருந்திருக்கும். உப்பளக் காற்றில் இரண்டு மாதம் இருந்ததும் மரையில் துரு பூத்து, வழி அடைபட்டுவிட்டது. சைரனின் குரல் தேய்ந்து தேய்ந்து போனது அதனால்தான்.

இந்தப் பல்புச் சோதனையை எல்லா ஒயரிலும் செய்துவிடாதீர்கள். புதிய கார்களில் விளக்கு, பூட்டு போன்றவற்றை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் இந்தச் சுமைக்கானவை அல்ல. மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களின் பக்கம் பல்பும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

இரண்டாம் இரவு

சைரன் ஊமையான காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அண்ணாச்சி காசு கொடுப்பது பேட்டரிக்கு. அது ஏன் காலியாகிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை. மாலையில் எர்த்தைச் சரிசெய்யக் கை துறுதுறுத்தது; செய்யவில்லை. வண்டி வீட்டில் எப்படி நிற்கிறதோ அப்படியே ஓர் இரவு நிற்க வேண்டும் என்று தோன்றியது. அண்ணாச்சி வீட்டில் எப்படி நிறுத்துவார் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்புறம், திறந்த வெளியில், மொத்தமாகத் தார்ப்பாய் போட்டு மூடி.

தார்ப்பாயைக் கொண்டுவரச் சொல்லி, கடைக்குப் பின்னால் திறந்த இடத்தில் அதே மாதிரி மூடினோம். நெகட்டிவ் கேபிளைச் சுற்றி டிசி கிளாம்ப் மீட்டர்; கேபிளைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்தே ஆம்பியரை அளப்பது. அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் நிலையில். இரவில் ஆளே இல்லாதபோது ஏதாவது நடந்தால் இது காட்டிக்கொடுக்கும்.

காட்டிக்கொடுத்தது. காலை ஐந்தரைக்கு வந்து பார்த்தபோது மீட்டரில் 8 ஆம்பியருக்குச் சற்று மேல் பதிவாகியிருந்தது. தார்ப்பாய்க்கு உள்ளே நான்கு இண்டிகேட்டர்களும் மௌனமாக மின்னிக்கொண்டிருந்தன. சற்று நின்றன. மறுபடி மின்ன ஆரம்பித்தன.

அலாரம் இரவு முழுக்க அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சத்தம் இல்லாததால் யாருக்கும் கேட்கவில்லை. தார்ப்பாய் மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் சைரன் கத்தி எழுப்பும், அண்ணாச்சி வந்து ரிமோட்டை அமுக்குவார், அதோடு நிற்கும். ஊமையான பிறகு நிறுத்த ஆள் வரவில்லை. நான்கு 21 வாட் பல்புகள், இரண்டு 5 வாட் பக்க விளக்குகள் சேர்ந்து 94 வாட். மின்னி அணைவதையும் நடுவில் நிற்பதையும் கழித்துச் சராசரி 3 ஆம்பியர் என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்தில் 18 ஆம்பியர்-மணி. பேட்டரியோ 50 ஆம்பியர்-மணி, அதிலும் நான்கு வருடம் உழைத்தது. காலையில் கடைத்தெருவுக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் அந்த இழப்பு ஈடாகாது. மூன்றாம் இரவில் தீர்ந்துவிடும்.

பகலில் எடுத்த 28 மில்லி ஆம்பியர் பொய்யல்ல. வெயிலில் அது உண்மை.

மூன்றாம் நாள்: பானெட் சுவிட்ச்

தூண்டுவது யார்? அலாரம் பெட்டிக்குச் செய்தி சொல்ல இந்த வண்டியில் மூன்றே பேர்: கதவுகள், அதிர்வு சென்சார், பானெட் சுவிட்ச். சென்சாரின் கப்ளரை இந்த முறை முழுசாகக் கழற்றினேன், இண்டிகேட்டர் மின்னுவது நிற்கவில்லை. கதவு ஒயரைப் பிரித்தேன், நிற்கவில்லை. பானெட் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கியதும் அடங்கியது.

இந்தச் சுவிட்ச் மிக எளிய சாமான். பானெட் மூடியிருக்கும்போது அதன் தண்டு அமுங்கி, ஒயர் எதையும் தொடாமல் இருக்கும். திறந்தால் ஸ்பிரிங் தள்ளி, ஒயரை வண்டியின் உடலோடு சேர்த்துவிடும். பெட்டி அந்த ஒயரில் மெலிதாக ஒரு வோல்டேஜை வைத்துக் காத்திருக்கும். அது விழுந்தால் திருடன் வந்துவிட்டான் என்று பொருள். மெலிதான வோல்டேஜ் என்பதால் அதை விழவைக்க நல்ல இணைப்பு தேவையில்லை. உப்பு கலந்த ஈரம் போதும்.

தண்டின் மேல் இருக்க வேண்டிய ரப்பர் தொப்பி இல்லை. பெயின்ட் அடிக்கக் கழற்றியவர்கள் திருப்பிப் போடவில்லை. பக்கத்திலேயே மழைநீர் வடியும் துளையை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. சுவிட்சைக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பொரிந்திருந்தது. மறுபடி மாட்டி, வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு பானெட்டை மூடி, ஒயரில் அளந்தேன்: 11.7 வோல்ட். பானெட்டின் இடுக்கு வழியாக, இஸ்திரிக்குத் தெளிக்கும் பாட்டிலால் இரண்டு பீச்சு. முள் இறங்குவதுபோல எண் இறங்கி 4 வோல்ட்டுக்கு வந்தது. இண்டிகேட்டர்கள் மின்னத் தொடங்கின. ஹேர் டிரையரால் சூடு காட்டினேன்; எண் மெல்ல ஏறி அடங்கியது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அப்படியே. வரவழைக்கவும் போக்கவும் முடிந்த பழுதை மட்டுமே கண்டுபிடித்த பழுது என்று நான் ஒப்புக்கொள்வது வழக்கம்.

மழை நின்ற பிறகும் மார்கழியில் ஏன்? பனி. அதன் மேல் தார்ப்பாய். தரையிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த தகரத்தில் படிந்துவிடுகிறது.

சைரன் தனியாக இல்லாத வண்டிகள்

பல கார்களில் அலாரத்துக்கென்று தனிச் சைரன் கிடையாது. வண்டியின் ஹாரனையே அலாரம் அடிக்க வைக்கும். அங்கே தேடல் வேறு. முதலில் ஸ்டீயரிங்கில் ஹாரனை அமுக்குங்கள். அது ஒலித்தால் ஹாரன், அதன் பியூஸ், ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) 30, 87 என்று எண் போட்ட சுவிட்ச் முனைகள் எல்லாம் நல்லவை. பழுது ரிலேயின் சுருளுக்கு அலாரம் கட்டளை கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறது. இரண்டுமே ஒலிக்காவிட்டால் பியூஸ், பிறகு ரிலே. பக்கத்தில் அதே எண் போட்ட ரிலே இருந்தால் மாற்றி மாட்டிப் பாருங்கள். தானாகக் கத்தினால் விளக்கைக் கவனியுங்கள்: இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னினால் அலாரம் தூண்டப்பட்டிருக்கிறது; விளக்கு சும்மா இருக்க ஹாரன் மட்டும் கத்தினால் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ஸ்டீயரிங் சுவிட்சின் ஒயர் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு பார்வை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

சில உயர்விலைக் கார்களின் சைரனுக்குள்ளேயே சிறு பேட்டரி இருக்கும். திருடன் ஒயரை வெட்டினாலும் கத்துவதற்காக. அதைத் தெரியாமல் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கத்துவதை நிறுத்த வழி தெரியாமல் தண்ணீர் வாளிக்குள் போட்டவரை எனக்குத் தெரியும். வாளிக்குள்ளும் கத்தியது.

நான்காம் நாள்

வேலை ஒரு மணி நேரம்தான். எர்த் போல்ட் இருந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டித் தகரம் தெரிய வைத்தேன். புது லக், பல் வைத்த வாஷர், முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். பல்பு போட்டு அளந்தபோது 8.9 இருந்த இடத்தில் 0.06 வோல்ட். புதுப் பானெட் சுவிட்ச், ரப்பர் தொப்பியோடு. வடிதுளையில் கம்பி விட்டுச் சருகை எடுத்தாயிற்று. அலாரத்துக்குப் போகும் ஒயரின் நடுவே இருந்த பியூஸ் ஹோல்டருக்குள் யாரோ 30 ஆம்பியர் பியூஸைச் செருகியிருந்தார்கள். அந்த ஒயருக்கு உரிய 10 ஆம்பியரை வைத்தேன்.

பழைய சைரனைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா என்று கேட்டேன். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடந்தது. மாட்டி, வாயைக் கீழே பார்க்கத் திருப்பி, அலாரத்தைப் போட்டுப் பானெட்டைத் திறந்தேன். எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துத் திட்டினார். ஒன்பது வருடச் சைரன், 1.2 ஆம்பியர் இழுத்துக்கொண்டு, முழுக் குரலில். அதில் எந்தப் பழுதும் எப்போதும் இருந்ததில்லை.

பேட்டரியை மாற்றவில்லை. தைப் பொங்கல் கழிந்து ஆயில் மாற்ற வந்தபோது மறுபடி ஒருமுறை அளந்து பார்த்தேன். எர்த்தில் 0.07 வோல்ட். அன்று காலை நல்ல பனி. பானெட் சுவிட்ச் ஒயரில் 11.8. இரவில் ஒருமுறைகூடக் கத்தவில்லை என்றார். எதிர்வீட்டாரோடு பேச்சு இன்னும் சரியாகவில்லையாம். தார்ப்பாயை விட்டுவிட்டுக் காற்றுப் போகும் துணி உறை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். வண்டியின் பின் சீட்டில் அதே தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது.